தலைக்கு இவ்வளவு

மார்ச் 9, 2025, ஞாயிறு

நேற்று தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, பக்கத்து ஊர்ல சார்ட்டர் ஸ்கூல் ஒண்ணு இருக்காமே, மேத்ஸ் நல்லா சொல்லித் தராங்களாம். ஃபீஸ் எவ்வளவு ஆகும்?" நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்: "அது கவர்மென்ட் காசுல நடக்குற பிரைவேட் ஸ்கூல். நம்ம சொத்து வரியில கை வைக்கிறாங்க." பிள்ளைகள் வெளியே வந்துவிட்டதால் பேச்சு அதோடு நின்றது. கார் ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன், யாரும் இல்லாத சீட்டைப் பார்த்து. எழுதிவிடுகிறேன்.

சார்ட்டர் என்பது இங்கே அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடந்தாலும் ஊர்ப் பள்ளி வாரியத்தின் கையில் இல்லாத பள்ளி. ஃபீஸ் ஒரு சென்ட் கூடக் கிடையாது. நுழைவுத் தேர்வும் கிடையாது. இடத்தைவிட மனு அதிகம் வந்தால் சீட்டுக் குலுக்கல். நியூ ஜெர்சியில் இந்தப் பள்ளிக்கு அனுமதி தருவது உள்ளூர் பள்ளி வாரியம் இல்லை, மாநிலக் கல்வி ஆணையர். முதலில் 4 ஆண்டு, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சரியாக நடத்தவில்லை என்றால் மூடலாம்; மூடியும் இருக்கிறார்கள். பிள்ளை எந்த ஊரோ அந்த ஊர் பள்ளி மாவட்டம் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) ஒரு பிள்ளைக்கென்று தன்னிடம் உள்ள பணத்தில் 90 சதவீதத்தை எடுத்துச் சார்ட்டருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

தங்கை வீட்டுக்காரர், அந்தத் தம்பி சொன்னதும் முழுப் பொய் இல்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 10

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் மகள் அப்படி ஒரு பள்ளியில் ஒன்றரை வருடம் படித்தாள். பெயர் சொல்ல மாட்டேன். கேட்காதீர்கள்.

மார்ச் 13

நேற்று முன்தினம் ஒருவர் எழுதியது: "சார்ட்டர் என்பது ஆசிரியர் சங்கங்களை ஒழிக்க முதலாளிகள் கண்டுபிடித்த வேலை." பாதி வரலாறு இவருக்கு விட்டுப்போயிற்று. 1988இல் இந்த யோசனையை நாடறியச் சொன்னவரே ஆல்பர்ட் ஷாங்கர், அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர். பெரிய பள்ளிக்குள்ளேயே சில ஆசிரியர்கள் சேர்ந்து புது முறையில் நடத்திப் பார்க்கட்டும், நல்லது தேறினால் மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அவர் நினைத்தது. 1991இல் மின்னசோட்டா சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. அப்புறம் காற்று வேறு பக்கம் அடித்தது. ஷாங்கரே சில ஆண்டுகளில் இதை எதிர்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். தான் பெற்ற பிள்ளை தன் பேச்சைக் கேட்காத கதை.

நியூ ஜெர்சி சட்டம் கையெழுத்தானது 1996 ஜனவரியில். முதல் பள்ளிகள் 1997இல்.

மார்ச் 16, ஞாயிறு

குலுக்கல் பற்றிக் கேட்ட தங்கைக்கு இது.

2015 மார்ச். பள்ளியின் பெரிய ஹாலில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் தம்போலாவுக்குச் சுற்றுவது போல ஒரு கம்பிக் கூண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். வகுப்பு வாரியாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். நான்காம் வகுப்புக்கு 6 இடம்தான். அண்ணன், அக்கா ஏற்கெனவே படித்தால் முன்னுரிமை என்பதால் அதில் 4 போய்விட்டது. மிச்சம் 2. என் வீட்டுக்காரர் எக்செல்லில் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று போட்டுக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பாட்டி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் பேரனுக்கு விழுந்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை, அப்படியே குனிந்து முகத்தை மூடிக்கொண்டார். எங்களுக்குக் காத்திருப்புப் பட்டியலில் 47.

ஆகஸ்ட் கடைசி வாரம் போன் வந்தது. 47 எப்படி 1 ஆனது என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும்.

மார்ச் 17

நேற்றைய கடைசி வரியைக் குறித்து இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். ஆமாம், 46 பேர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அல்லது போன் எடுக்கவில்லை, அல்லது ஊர் மாறிவிட்டார்கள். "வெயிட்டிங் லிஸ்டில் இத்தனை ஆயிரம் பேர்" என்று சார்ட்டர் ஆதரவாளர்கள் சொல்லும் எண்ணை நான் அதற்குப் பிறகு அப்படியே நம்புவதில்லை. ஒரே பிள்ளை ஐந்து பள்ளிப் பட்டியலில் இருக்கும்.

மார்ச் 22, சனி

அந்தத் தம்பியை இன்றைக்கு மறுபடி பார்த்தேன். அவருடைய வாதம் இதுதான்: ஒரு பிள்ளை போனால் அந்தப் பிள்ளையின் பணம் போகட்டும், செலவும் கூடவே போய்விடுகிறதே, ஊர்ப் பள்ளிக்கு என்ன நஷ்டம்? (இரண்டு வாரம் முன்னால் வரியில் கை வைக்கிறார்கள் என்றவர், இந்த வாரம் இப்படி. வீட்டில் மகனுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று போலிருக்கிறது.)

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். 500 பேருக்குச் சொல்லி 480 பேர் வந்தால் சாம்பார் அண்டா சின்னதாகிவிடுமா? சமையல்காரர் கூலியைக் குறைத்துக்கொள்வாரா? மண்டபத்துக்காரர் வாடகையில் இருபது தலைக்குக் கழித்துக்கொள்வாரா? இலையும் அப்பளமும் மிச்சம். அவ்வளவுதான்.

பள்ளியும் அதுதான். ஒரு பேச்சுக்கு, ஊர்ப் பள்ளிகளிலிருந்து 20 பிள்ளைகள் சார்ட்டருக்குப் போகிறார்கள், தலைக்கு 14,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2,80,000 டாலர் போயிற்று. ஆனால் அந்த 20 பேரும் ஒரே வகுப்பிலிருந்து கிளம்பியிருந்தால் ஓர் ஆசிரியரைக் குறைக்கலாம். அப்படி யாரும் போவதில்லை. இந்த வகுப்பில் 2, அந்த வகுப்பில் 1. பஸ் அதே வழியில்தான் ஓடும். பாய்லர் அதே எண்ணெயைத்தான் குடிக்கும்.

ஆனால் இதில் ஒரு ஓட்டையும் உண்டு. இது முதல் இரண்டு மூன்று வருடக் கதை. 20 என்பது 400 ஆனால் ஒரு கட்டடத்தையே மூடலாம். மூட முடியும், ஆனால் எந்த ஊர்க்காரரும் தன் தெருப் பள்ளியை மூட விடமாட்டார். அது சார்ட்டரின் குற்றமா, நம் குணமா?

மார்ச் 23

ஒரு திருத்தம். 9ஆம் தேதி "90 சதவீதம்" என்று எழுதியது சட்டத்தின் சொல். அதைப் படித்தவுடன் ஊர்ப் பள்ளி 100 ரூபாய் செலவழித்தால் சார்ட்டருக்கு 90 போகிறது என்று தோன்றும். அப்படி இல்லை. உள்ளூர் வரியும் சில மாநில மானியங்களும் மட்டுமே அந்தக் கணக்கில் வரும், கணக்கில் சேராத மானிய வகைகள் உண்டு. அதனால் நிஜத்தில் கைக்கு வருவது குறைவு. சில நகரங்களில் நன்றாகவே குறைவு.

கட்டடத்துக்கென்று நாங்கள் இருந்த காலத்தில் தனியாக ஒரு காசு கிடையாது. அதை நான் கண்ணால் பார்த்தேன். மகளின் பள்ளி ஒரு பழைய ஆபீஸ் கட்டடம். மைதானம் இல்லை. பின்பக்க பார்க்கிங்கில் காலை 10 மணிக்கு ஒரு ஆசிரியர் வந்து ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைப்பார். அதற்குள்தான் ஓட்டம், கயிறாட்டம், கால்பந்து எல்லாம். பந்து கூம்பைத் தாண்டினால் தலைமை ஆசிரியரின் கார். என் மகள் முழங்காலில் இன்னும் அந்தத் தாரின் தழும்பு இருக்கிறது.

மார்ச் 29

"நியூ ஜெர்சியில் ஏன் இவ்வளவு சொத்து வரி? பள்ளிக்கா போகிறது?" என்று ஒருவர். ஆமாம், பாதிக்குச் சற்று மேல் பள்ளிக்குத்தான். மத்திய அரசின் பங்கு நாடு முழுவதுமே பத்தில் ஒன்று அளவுதான். மீதி மாநிலமும் ஊரும். ஊரில் வீடு விலை அதிகம் என்றால் வரி அதிகம், பள்ளி பளபளப்பு. வீடு விலை குறைவு என்றால் அதே வரி விகிதம் போட்டாலும் பணம் வராது.

இது நியாயமா என்று டெக்சாஸ்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதிப் பெற்றோர். 1973 மார்ச்சில் 5-4 என்று தோற்றார்கள். கல்வி அமெரிக்க அரசியல் சட்டத்தில் அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்பு. இரண்டே வாரத்தில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தன் மாநிலத்தில் நேர் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. காரணம், மாநில அரசியல் சட்டத்தில் 1875இல் சேர்த்த ஒரு வரி: 5 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு "முழுமையான, திறம்பட்ட" இலவசப் பள்ளிகள் நடத்த வேண்டும். நூறு வருடம் தூங்கிக்கொண்டிருந்த வரி.

சட்டசபை பணம் ஒதுக்காமல் இழுத்தடித்தது. 1976 ஜூலை 1ஆம் தேதி நீதிமன்றம் மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளை மூடிவிட்டது! ஜூலையில் மூடினால் யாருக்கு வலிக்கும் என்று சிரிக்காதீர்கள். ஒரு வாரத்தில் சட்டசபை வருமான வரிச் சட்டம் கொண்டுவந்தது. நம் சம்பளச் சீட்டில் மாநில வரி என்று பிடிக்கிறார்களே, அதன் பிறந்த கதை இதுதான்.

ஏப்ரல் 6

போன குறிப்பில் ஏழை ஊரென்றால் பள்ளிக்குப் பணமில்லை என்பதோடு நிறுத்திவிட்டேன். நம் மாநிலத்துப் பெரிய நகரமான நியூவர்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் சரியாகப் பிடித்தார். 1981இல் கேம்டன், ஜெர்சி சிட்டி, ஈஸ்ட் ஆரஞ்ச், இர்விங்டன் பிள்ளைகள் சார்பில் ஆபட் வழக்கு போட்டார்கள். இருபது முப்பது வருடம் ஓடிய வழக்கு. அதன் பலனாக, கடைசியில் 31 ஏழை மாவட்டங்களுக்கு மாநிலம் அள்ளிக் கொடுக்க வேண்டி வந்தது. 1998 தீர்ப்புக்குப் பிறகு அங்கே 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு இலவச முழுநாள் முன்பள்ளி. நம் நடுத்தர ஊர்களில் அதே முன்பள்ளிக்கு நாம் மாதம் ஆயிரக்கணக்கில் கொட்டினோம். ஆக, நியூ ஜெர்சியில் ஏழை ஊர் என்றாலே பணமில்லாத பள்ளி என்பது இப்போது சரியில்லை. நியூவர்க்கில் தலைக்கு ஆகும் செலவு பல பணக்கார ஊர்களுக்குச் சமம், சிலவற்றைவிட அதிகம்.

அப்படியானால் ஏன் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிள்ளைகள் சார்ட்டரில்? அவரிடமே கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 8

பதில் பழைய ஞாபகத்திலிருந்து வந்தது. அவருடையது இல்லை, என் பழைய ஆபீஸ் தோழியுடையது. நியூவர்க்கில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். மதியச் சாப்பாட்டில் ஒரு நாள் நான் சார்ட்டரால் ஊர்ப் பள்ளி நாசமாகிறது என்று பெரிய நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது என் மகளும் சார்ட்டரில்தான், அது வேறு விஷயம். அவள் கேட்டாள், நீ அந்த ஊரில் ஏன் வீடு வாங்கினாய்?

நான் சொன்னேன், ஸ்கூல் ரேட்டிங் பார்த்துத்தான்.

"அப்படியா. நீ 30 வருடக் கடனில் வாங்கிய சீட்டு அது. நான் கூண்டில் போட்டு எடுத்தேன். எனக்கு மட்டும் ஏன் பாடம் எடுக்கிறாய்?" என்றாள்.

சோறு இறங்கவில்லை. அவள் மகன் படித்தது காலை 7:30 முதல் மாலை 4:30 வரை நடக்கும் பள்ளி. சீருடை, வரிசை, கைதட்டினால் மௌனம். எனக்கு அது பிடிக்காது. அவளுக்கும் பிடிக்காது. ஆனால் பக்கத்துத் தெருப் பள்ளியில் மகன் மூன்றாம் வகுப்பு வரை படிக்கத் தெரியாமல் இருந்தான், இங்கே ஒரு வருடத்தில் படித்தான் என்றாள். அவ்வளவுதான் அவள் கணக்கு.

ஏப்ரல் 12

புள்ளிவிவரம் கேட்டவர்களுக்கு, சுருக்கமாக. ஸ்டான்ஃபோர்டின் கிரீடோ மையம் 2009இல் வெளியிட்ட ஆய்வில் கணிதத்தில் 17 சதவீதச் சார்ட்டர்கள் ஊர்ப் பள்ளியைவிட மேல், 37 சதவீதம் கீழ், மீதி ஒன்றுபோல. எதிர்ப்பாளர்கள் அதையே இன்றைக்கும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். அதே மையம் 2023இல் சொன்னது: சராசரியாக வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் பாடம் கூடுதலாகப் படித்த அளவுக்கு முன்னேற்றம். ஆதரவாளர்கள் இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். 180 நாள் பள்ளியில் 6 நாள்! என் மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் போகும்.

சராசரியில் ஒன்றும் இல்லை. பிரித்துப் பார்த்தால்தான் விஷயம். நகரத்து ஏழைப் பிள்ளைகளிடம் நல்ல முன்னேற்றம். 2015 நகரங்கள் ஆய்வில் பாஸ்டனும் நியூவர்க்கும் மேலே. இணையவழிச் சார்ட்டர்கள் படுமோசம். 2023 ஆய்வில் அவற்றுக்குக் கணிதத்தில் 124 நாள் பின்னடைவு, வாசிப்பில் 58. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொண்டு சண்டை போடுகிறோம்.

அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள்தானே மனுப் போடுகிறார்கள், பிறகு ஏன் மேலே வராது என்பது நியாயமான கேள்வி. பாஸ்டனில் எம்.ஐ.டி. பொருளாதாரக்காரர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். மனுப் போட்டுக் குலுக்கலில் விழுந்த பிள்ளையையும், மனுப் போட்டு விழாத பிள்ளையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வீட்டிலும் அதே அக்கறை. விழுந்த பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் 2016 நவம்பரில் சார்ட்டர் எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று மாசசூசெட்ஸ் மக்களைக் கேட்டபோது 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தங்கள் ஊர்ப் பள்ளிப் பணம் போய்விடும் என்ற பயம்.

ஏப்ரல் 30, புதன், இரவு

இன்றைக்கு எங்கள் ஊர் பட்ஜெட் கூட்டம். போய்விட்டு வந்து எழுதுகிறேன். இன்றைக்குப் பழைய கூட்டம் ஒன்று ஞாபகம் வந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2016 ஏப்ரல் கடைசி. உயர்நிலைப் பள்ளி அரங்கம். திரையில் ஒரு பட்டியல். நிதி அதிகாரி ஒவ்வொரு வரியாக லேசர் புள்ளி வைத்துக்கொண்டு போனார். "சார்ட்டர் பள்ளிகளுக்கு மாற்றம்" என்ற வரியில் புள்ளி நின்றது. போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறது, அதனால் நான்காம் வகுப்பு வயலின் வகுப்பை நிறுத்த வேண்டியிருக்கிறது என்றார். அரங்கமே "ச்ச" என்றது. நானும் சொன்னேன்! என் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு, அதே ஊர்ப் பள்ளியில். ஒரு வருடமாக வயலின், வயலின் என்று கனவு கண்டுகொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த அம்மா என்னிடம் சொன்னாள், "யார் வீட்டுப் பிள்ளைகளோ, நம்ம பிள்ளைகள் வாயில் மண்."

அந்த வரியில் என் மகளும் ஒருத்தி. அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

மைக் முன்னால் வரிசை. ஆளுக்கு மூன்று நிமிடம், மேஜையில் சிவப்பு எண் ஓடும் கடிகாரம். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்கு இரண்டு பேர் முன்னால், கழிப்பறைக்குப் போவது போலக் கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். மகள் சார்ட்டருக்குப் போன பணத்தில் மகனின் வயலின் போயிற்று என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மே 1

நேற்றைய கடைசி வரிக்குத் திருத்தம். இரண்டு வருடம் கழித்து அந்த பட்ஜெட்டை எடுத்துப் பார்த்தேன். இங்கே ஒவ்வொரு மாவட்டமும் எல்லோருக்கும் புரிகிற மாதிரி பட்ஜெட் சுருக்கம் ஒன்றை இணையத்தில் போட வேண்டும் என்பது விதி. (புரிகிற மாதிரி! வீட்டுக்காரரும் நானும் இரண்டு இரவு உட்கார்ந்தோம்.) அந்த வருடம் ஊழியர் மருத்துவக் காப்பீடு ஏறிய தொகை, சார்ட்டருக்குக் கூடுதலாகப் போனதைப் போல ஐந்து மடங்கு. சொத்து வரியைப் பொதுவாக வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2010இல் போட்ட சட்டம் இருக்கிறது. காப்பீடு அதைத் தாண்டி ஏறுகிறது. எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். வயலினை வெட்டியது காப்பீடு. பழி சார்ட்டருக்கு. அதிகாரி பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். எந்த வரியில் புள்ளியை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மே 4

ஏன் மகளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று நாலு பேர் கேட்டாயிற்று. பதினாறு மாதத்தில் மூன்று கணித ஆசிரியர்கள். மூவருமே நல்லவர்கள், இளையவர்கள், ஊர்ப் பள்ளியில் வேலையும் கூடுதல் சம்பளமும் கிடைத்ததும் போய்விட்டார்கள். மூன்றாமவர் டிசம்பரில் போனார். ஜனவரியில் நாங்களும் கிளம்பினோம். கணிதத்துக்காகச் சேர்த்த பள்ளி!

போன வாரம் மகளிடம் (கல்லூரி முதல் வருடம்) இதை எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். "அம்மா, அங்கேதான் என் கதையை ஒருத்தர் வகுப்புல சத்தமா வாசிச்சார். நீ அதை எழுதினியா?" என்றாள். எழுதவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் இடம் யாருக்குப் போயிற்றோ. பட்டியலில் அப்போது யார் முதலில் இருந்தார்களோ. பல சார்ட்டர்கள் நடுவில் காலியாகும் இடத்தை நிரப்புவதில்லை என்ற குற்றச்சாட்டு உண்டு: விட்டுப்போகிறவர்கள் தடுமாறுகிற பிள்ளைகள், மிஞ்சுகிறவர்களின் மதிப்பெண் தானாக ஏறும். எங்கள் பள்ளி நிரப்பியது. அடுத்த திங்களே அந்த மேஜையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தானாம்.

மே 10

சிறப்புக் கல்வி பற்றிக் கேட்டவருக்கு: நியூ ஜெர்சியில் சார்ட்டர் பிள்ளைக்குத் தனியார் சிறப்புப் பள்ளியில் சேர்க்கும் அளவு உதவி தேவைப்பட்டால், செலவு அந்தப் பிள்ளையின் ஊர் மாவட்டத்தின் தலையில். சார்ட்டர் தலையில் இல்லை. ஊர் வாரியக்காரர்கள் கத்துவதில் இது நியாயமான கத்தல்.

மே 22, வியாழன்

தம்பியின் முதல் கேள்விக்கு (அரசுப் பணத்தில் நடக்கும் தனியார் பள்ளியா?) இன்றைக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கலாம். ஓக்லஹோமாவில் செயின்ட் இசிடோர் என்று கத்தோலிக்க மறைமாவட்டங்கள் ஓர் இணையவழிச் சார்ட்டர் தொடங்கப் பார்த்தன. சார்ட்டர் அரசுப் பள்ளி என்றால் மதம் சொல்லித்தரக் கூடாது. தனியார் என்றால், மதம் என்பதற்காகப் பணம் மறுக்கக் கூடாது. மாநில உச்ச நீதிமன்றம் அது அரசுப் பள்ளிதான் என்று சொல்லிவிட்டது. மேலே போயிற்று. நீதிபதி பாரெட் விலகிக்கொண்டார். மீதி 8 பேர். இன்றைக்கு 4-4. கீழ்த் தீர்ப்பு நிற்கும், ஆனால் நாடு முழுவதற்கும் பதில் இல்லை. ஒரு பத்தி கூட எழுதவில்லை.

தம்பி, உங்களைப் போல நாலு பேர், என்னைப் போல நாலு பேர்.

மே 25

நான் படித்ததே பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளி. அதுதானே நம்மூர் சார்ட்டர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. நிர்வாகம் தனியார், சம்பளம் அரசு. ஆனால் ஒத்துவராது. எங்கள் தாளாளர் 5 வருடத்துக்கு ஒருமுறை யாரிடமும் போய் நிற்கவில்லை. நான் படித்த காலம் முழுக்க அவரே. ஆசிரியர்களுக்கு அரசு ஊழியர் சம்பளம், நிரந்தரம். இங்கே சார்ட்டர் ஆசிரியருக்கு அந்தப் பிடிமானம் இல்லை.

ஒன்று மட்டும் அப்படியே ஒக்கும். எண்ணிக்கை. ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பிள்ளைகள் என்பதைப் பார்த்துத்தான் எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று முடிவு. குறைந்தால் ஒருவர் சர்ப்ளஸ், எங்கேயோ தூக்கி அடிப்பார்கள். அதனால் மே, ஜூன் வெயிலில் எங்கள் டீச்சர்கள் குடையோடு தெருத்தெருவாகப் பிள்ளை பிடிக்க வருவார்கள். பை தருகிறோம், நோட்டு தருகிறோம் என்பார்கள். எங்கள் கணக்கு சார் சைக்கிளில் வந்து என் தம்பியைக் கேட்டபோது அவனுக்கு நாலரை வயது. ஐந்து என்று போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்ஷன் அன்று பக்கத்துத் துவக்கப் பள்ளியிலிருந்து நாலு பேர் வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஒருவனுக்கு நான்தான் பென்சில் கொடுத்தேன்.

ஓஹையோவில் ஈகாட் என்று ஒரு பெரிய இணையவழிச் சார்ட்டர் இருந்தது. 15,300 முழுநேர மாணவர் என்று பணம் வாங்கியது. மாநிலம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது ஆதாரம் இருந்தது சுமார் 6,300க்குத்தான். இரண்டு வருடத்துக்குச் சேர்த்து 8 கோடி டாலர் அளவுக்குத் திருப்பிக் கேட்டார்கள். 2018 ஜனவரியில், பள்ளி ஆண்டின் நடுவிலேயே மூடிவிட்டார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பென்சில்தான் ஞாபகம் வந்தது.

ஜூன் 14

ஊரில் இருக்கும் என் தங்கை மகனுக்கு ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத இடத்தில் மெட்ரிக் பள்ளிக்கு மனுப் போடக் காத்திருக்கிறார்கள். வழக்கமாக ஏப்ரல், மே மாதமே திறக்கும் இணையதளம் இந்த வருடம் இன்னும் திறக்கவில்லை. பி.எம். ஸ்ரீ என்ற பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்வித் திட்டம்) பணம் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறது. அதோடு இதுவும் நிற்கிறது. அவள் கேட்கிறாள், "உங்க ஊர்லயும் இப்படித்தானாக்கா?" இங்கே ஒரு சின்ன வித்தியாசம்: பணத்தை நிறுத்தினால் போடுகிற வழக்கை ஐம்பது வருடம் நடத்துவார்கள்.

அக்டோபர் 15, புதன்

இன்றைக்குத்தான் நியூ ஜெர்சியில் மாநில மானியத்துக்கு மாணவர் எண்ணிக்கை எடுக்கும் நாள். மறந்தே போயிருந்தேன். காலையில் மருந்துக் கடைக்குப் போகும்போது அந்தப் பழைய ஆபீஸ் கட்டடத்தைத் தாண்டிப் போனேன். பார்க்கிங்கில் ஆரஞ்சுக் கூம்புகள். கொஞ்சம் வெளுத்திருக்கின்றன.

அக்டோபர் 18, சனி

தங்கை தமிழ்ப் பள்ளி வாசலில் மறுபடியும் கேட்டாள், இப்போது நேராக: "அக்கா, போடவா, வேண்டாமா?"

போடு. காசா பணமா. விழுந்தால் சேர்ப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் விசாரி: போன இரண்டு வருடத்தில் எத்தனை ஆசிரியர் போனார்கள், நடுவில் காலியாகும் இடத்தை நிரப்புகிறார்களா, கட்டடத்தின் பின்பக்கம் என்ன இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை, இரண்டு மைலுக்கு மேல் என்றால் உங்கள் ஊர் மாவட்டம்தான் பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்யவோ அதற்குப் பதில் பணம் தரவோ வேண்டும். அதற்கு ஒரு ஃபார்ம் உண்டு. நான் அதைத் தாமதமாகக் கொடுத்து செப்டம்பர் முழுக்க நானே கார் ஓட்டினேன்.

அப்புறம், ஏப்ரல் கடைசியில் பட்ஜெட் கூட்டம். உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா. இந்தத் தடவை மைக் வரிசையில் கடைசி வரை நிற்பதாக இருக்கிறேன், பக்கத்தில் ஆள் இருந்தால் ஓட முடியாது.